ஆர்.ஓ. பிளாண்டில் புது ஆபரேட்டர்: பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது

வணக்கம். திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிக்கும் பிளாண்ட் ஒன்றில் ஆர்.ஓ. (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) ஆபரேட்டராகச் சேர்ந்து 3 வாரம் ஆகிறது. இரவு ஷிப்டில் நான் மட்டும்தான்.

4 நாளாக முதல் ஸ்டேஜில் உள்ளே போகும், வெளியே வரும் பிரஷரின் வித்தியாசம் 1.2 பாரிலிருந்து 1.8 பாருக்கு ஏறிவிட்டது. இரண்டாம் ஸ்டேஜில் மாற்றமே இல்லை. சுத்தமான தண்ணீர் வரும் அளவும் குறைகிறது.

5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரை மாற்றினேன். பிரஷர் கேஜையும் மாற்றிப் பார்த்தேன். ஆன்டிஸ்கேலன்ட் (மெம்பிரேனில் உப்பு படியாமல் தடுக்கும் கெமிக்கல்) டோசிங் சரியாக ஓடுகிறது. எஸ்.டி.ஐ. (உள்ளே போகும் தண்ணீர் மெம்பிரேனை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் அளவு) 4.5. கழற்றிய ஃபில்டரில் கொழகொழவென்று படிவு இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. இன்சார்ஜிடம் சொன்னேன், இன்னும் கொஞ்சம் நாள் ஓடட்டும் என்கிறார். மெம்பிரேன் கெட்டால் நஷ்டம் பெரிது.

இந்த வேலை பார்த்த அண்ணன்மார் சொல்லுங்கள்: வித்தியாசம் எவ்வளவு ஏறினால் நிறுத்தி கெமிக்கல் கிளீனிங் செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்?