நாவல் முடிந்த இடமும் படம் முடிந்த இடமும்

பாண்டிருப்பிலிருந்து:

நாவலை வாசித்துவிட்டுப் படம் பார்க்கப் போன அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது பெரியம்மாவோடு சேர்ந்தது.

அவரிடம் பொன்னியின் செல்வன் இருக்கிறது. வாரஇதழில் தொடராக வந்தபோது பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டு. 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை போனபோது அதுவும் நனைந்தது. வெயிலில் காயப்போட்டு எடுத்த தாள்கள் இன்றும் அப்பளம் போல நெளிந்துதான் இருக்கின்றன.

2022 செப்டம்பர் 30இல் படத்தின் முதல் பாகம் வந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீடு காட்டி அளவாக வாங்கிய காலம், அதனால் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். திரும்பும்போது கல்லடிப் பாலம் தாண்டும்வரை பெரியம்மா வாய் திறக்கவில்லை. பிறகு, "மனே, மணிமேகலை எங்க?" என்று கேட்டார். "அடுத்த பாகத்தில வருவா பெரியம்மா" என்றேன். 2023 ஏப்ரலில் அடுத்த பாகமும் வந்தது. மணிமேகலை வரவேயில்லை.

ஐந்து பாக நாவலை இரண்டு படத்துக்குள் அடக்கும்போது ஆட்களைக் குறைக்காமல் முடியாது என்றுதான் நான் வாதாடினேன். கந்தமாறனின் தங்கை மணிமேகலை இல்லாமலும் அரசியல் கதை நடக்கும். பெரியம்மா அந்தத் தாள்கட்டை எடுத்து வந்து கடைசி அத்தியாயத்தை விரித்துக் காட்டினார். தலைப்பு 'மலர் உதிர்ந்தது'. பட்டாபிஷேகம் எல்லாம் முடிந்த பிறகு, வந்தியத்தேவனின் மடியில் மணிமேகலை உயிர்விடும் இடம். கல்கி மூன்றரை வருடம் எழுதிய கதையை முடிக்க எடுத்துக்கொண்டது அரசனை அல்ல, யாரும் திரும்பிக் காதலிக்காத ஒரு பெண்ணை. படமோ மகுடத்தோடு நின்றுவிடுகிறது. எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மகுடம் போகிற ஆளும் வேறு. நாவலில் அதைப் பெறுவது, குழந்தையிலேயே மதுராந்தகனோடு ஆள்மாறிப்போன உண்மையான உத்தம சோழன், பூக்கட்டித் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன். அரசைக் கனவிலும் கேட்காதவன். படத்தில் அந்த ஆள்மாறாட்டமே இல்லை, அரசுக்காகச் சதி செய்த மதுராந்தகனே அதைப் பெறுகிறான். இளவரசன் அருள்மொழி மகுடத்தை விட்டுக்கொடுப்பது இரண்டிலும் உண்டுதான். ஆனால் ஆசைப்பட்டு நின்றவனுக்குக் கொடுப்பதும் ஆசையே இல்லாதவனைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதும் ஒரே கதை அல்ல.

எங்கள் ஊர் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கில் பாரதக் கதை நடக்கிறது. முழுப் பாரதமும் அதில் இல்லை. எத்தனையோ கிளைக்கதைகள் இல்லாததைப் பற்றி ஒருவரும் குறை சொல்வதில்லை. வனவாசம் நடக்க வேண்டும், அருச்சுனன் தவம் நடக்க வேண்டும், தீமிதிப்பில் வந்து முடிய வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அவற்றில் ஒன்றில் கைவைத்தால் ஊர் விடாது. பெரியம்மா படத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. இப்போதெல்லாம் எதை விட்டார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை. நாவல் யாரோடு முடிகிறது, படம் யாரோடு முடிகிறது என்று பார்க்கிறேன்.

கல்லடியிலிருந்து:

அண்ணா, முடிவு மட்டும் போதாது. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' ஆங்கில நாவல், 1994இல் வந்தது. அதில் கொழும்புத் தமிழ் வீட்டாரின் பேச்சு ஆங்கிலத்தில் இருப்பதால் குரலை நாமே மனதுக்குள் போட்டுக்கொள்கிறோம். 2020இல் தீபா மேத்தா எடுத்த படத்தில் அவர்கள் வாய்திறந்து தமிழ் பேசினார்கள். அந்த உச்சரிப்பு என்னை வெளியே தள்ளிவிட்டது. 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் வீடு இழந்தவர்களின் கதை அது. வந்தவர்கள் கதவைத் தட்டும்போது தமிழ் எப்படி வாயிலிருந்து வருகிறது என்பதில் உயிரே தங்கியிருந்த காலம். நாவலுக்கு இல்லாத பொறுப்பு ஒன்று படத்துக்கு வந்து சேர்ந்தது, அதைத்தான் தவறவிட்டார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் எதிர்ப்பக்கம். பூமணியின் 'வெக்கை'யில் கொலை செய்த சிறுவன் சிதம்பரம்தான் நடுவில் இருக்கிறான், காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் தகப்பனை நடுவில் வைத்தது. நாவலில் இல்லாத இளமைக் கதையையும் அவனுக்குக் கொடுத்தது. பாண்டிருப்பு அண்ணனின் கணக்கில் இது தேறாது. ஆனாலும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றத் தகப்பன் எவ்வளவு பணிந்துபோவான் என்ற பயம் நாவலை வாசிக்கும்போது எப்படி நெஞ்சில் உட்கார்ந்ததோ, படத்திலும் அப்படியே உட்கார்ந்தது. நான் அழுதேன்.

பாண்டிருப்பிலிருந்து:

தங்கச்சி சொன்ன பேச்சு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். 'அசுரன்' பற்றி இன்னும் யோசிக்க வேண்டும், தம்பி. இன்னொன்று கேட்க இருந்தேன். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் நம் இலங்கையிலேயே படமானது. நாவல் வாசித்திருக்கிறேன், படம் பார்க்கக் கிடைக்கவில்லை. வீட்டில் அப்போது தியேட்டரில் பார்த்த பெரியவர்கள் இருந்தால் முடிவு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதுங்கள்.