உதிர்வமிலமா, ஒடுக்கமிலமா?

மட்டக்களப்பிலிருந்து:

சேர், அப்சிசிக்கமிலம் என்ற தாவர ஓமோனுக்கு நீங்கள் தந்த ‘உதிர்வமிலம்’ என்ற தமிழ்ப் பெயர் எனக்குச் சம்மதமில்லை. 1963இல் பருத்திப் பிஞ்சுகளிலிருந்து பிரித்தெடுத்தபோது, காய் உதிர்வோடு சேர்த்துப் பார்த்ததால் வந்த ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. உதிர்வில் எதிலீன் என்ற வேறோர் ஓமோனுக்கே முதலிடம் என்பது பிறகு தெளிவாயிற்று. பழைய பிழையைத் தமிழிலும் நட்டுவைக்க வேண்டாம்.

சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசி வயல் காயும்போது இந்த ஓமோன் இலையில் கூடுகிறது. இலைவாயின் இருபுறமும் உள்ள காவற்கலத்தின் வாங்கிப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டதும், கைனேசு நொதியத்தை அடக்கிவைத்திருந்த பொசுபற்றேசு என்ற இன்னொரு நொதியம் ஓய்ந்துவிடும். விடுபட்ட கைனேசு, அனயன்கள் (மறையேற்ற அயன்கள்) வெளியேறும் கால்வாய்களைத் திறக்கும். குளோரைட்டும் மலேற்றும் வெளியேற, மென்சவ்வின் மின்னழுத்தம் மாறிப் பொற்றாசியமும் பின்னால் போகும். பிரசாரணத்தால் நீரும் போய்விட, காவற்கலங்கள் தொய்ந்து இலைவாய் சிறுக்கும். பாதி ஒடுங்கி நிற்பதும் உண்டு. அதனால் ‘வாய்மூடி’ என்ற பெயரும் சரிவராது.

மாணவருக்குக் காட்டுவதென்றால் கானாவாழை நல்லது. இலையின் கீழ்மேற்றோலை உரித்து, 50 மில்லிமோலர் பொற்றாசியம் குளோரைட்டுள்ள, பீஎச் 6.1 தாங்கற்கரைசலில் 2–3 மணி நேரம் வெளிச்சத்தில் மிதக்கவிடுங்கள். பிறகு ஓமோனை 10 மைக்குரோமோலர் அளவில் சேர்த்தால், ஒரு மணி நேரத்துக்குள் இலைவாயகலம் குறைவதை நுணுக்குக்காட்டியில் அளக்கலாம். பொற்றாசியத்தை விட்டுவிட்டால் முதலில் சரியாகத் திறக்காது, பிறகு ஒடுங்கியதா என்று சொல்லவே முடியாது. அமிலம் நீரில் இலகுவில் கரையாது. எதனோலில் கரைத்து விடவேண்டும். அதே அளவு எதனோல் மட்டும் விட்ட தோலொன்றும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம். நெல்லில் முயல வேண்டாம்: தோல் ஒழுங்காக உரியாது, காவற்கலமும் மிக ஒடுங்கியது.

அக்கரைப்பற்றிலிருந்து:

மறுப்பு நியாயம்தான் மகள், ‘உதிர்வமிலம்’ வேண்டாம். ஆனால் இலைவாயை மட்டும் வைத்துப் பெயரிட்டால் விதை விடுபட்டுப் போகும். பெரும்போக அறுவடை நேரம் மழை பிடித்தால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிடுகிறதே, விதையின் உறங்குநிலை போதாமல் நடப்பது அது. அந்த உறங்குநிலையைக் காப்பதும் இதே ஓமோன்தான். ‘வறட்சியமிலம்’ என்றாலும் இது அடங்காது.

இலைவாயை ஒடுக்குகிறது, முளைப்பை ஒடுக்குகிறது. ஒடுக்கு + அமிலம் = ஒடுக்கமிலம். இதை எழுதிப் பார்ப்போமா?

மட்டக்களப்பிலிருந்து:

இரண்டுக்கும் பொருந்துகிறது, சேர். ‘ஒடுக்கி’ என்று சுருக்காமல் இருந்தால் போதும். மரபணுவின் தொழிலை அடக்கும் புரதங்களோடு குழம்பும். பாடத்தில் முதன்முறை வரும் இடத்தில் அப்சிசிக்கமிலம் என்ற பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். பரீட்சை வினாத்தாளில் அதுதான் வரும்.