நடந்தது, விழுந்தது, ஓடியது: ஐஸ்லாந்து மொழியில் நாங்கள் தடுமாறிய கதைகள்

ரெய்க்யவிக், இரண்டாம் வருடம்

வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே ஒரு தாள் கொடுத்தார்கள். இடது பக்கம் அசைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: வாக், ரன், ஜம்ப், கிரால், ஃபால், ஸ்விம் என்று நாற்பது ஐம்பது. வலது பக்கம் ஐஸ்லாந்து மொழியில் அதற்கான சொற்கள். ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிட்டேன். அந்தக் கலை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே கைவந்ததுதானே. மறுநாள் தெருவில் இறங்கினால் ஒன்றும் கை கொடுக்கவில்லை.

முதல் சொல்லே சறுக்கியது. நடப்பதற்கு 'கங்கா' என்று எழுத்துக்கூட்டிப் படித்து, அட நம்ம நதி என்று சந்தோஷப்பட்டேன். டீச்சர் 'கௌங்கா' என்று திருத்தினார். ஙகரத்துக்கு முன்னால் வரும் அகரம் ஔகாரமாகிவிடுமாம். சரி, போகட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'க்வெர்த்னிக் கேய்ங்குர்?' என்பார். கேய்ங்குர் என்பது அதே கௌங்காதான், வேறு உருவத்தில். நான் அப்போது கொஞ்சம் நொண்டிக்கொண்டிருந்தேன். நடையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஒரு மாதம் முழுக்க 'மெதுவாக' என்றே பதில் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது வேறு. வேலை எப்படி நடக்குது, வீடு கட்டுவது எப்படி நடக்குது என்று நாமும் கேட்போமே, அது. ஆங்கில 'வாக்' வழியாகச் சுற்றிப் போனதால் வந்த வினை. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருக்குமே? எழுதுங்கள். தாளில் இல்லாத கதைகளாக இருக்கட்டும்.

அக்குரேய்ரி, மீன் ஆலை

என் கதை 'விழு' என்ற சொல்லைப் பற்றியது. தாளில் 'தெஹ்த்தா' என்று இருக்கும். விழுந்தேன் என்றால் 'யெக் தாஹ்ட்'.

இங்கே நவம்பரிலிருந்து தரை முழுக்க ஹௌல்கா, அதாவது வழுக்கும் பனிக்கட்டி. சாலை நிலவரத்தில் அதற்கே பல படிகள் வைத்திருக்கிறார்கள். அங்கங்கே திட்டுத்திட்டாக வழுக்கினால் ஹௌல்குப்லெஹ்த்திர். முழுக்க வழுக்கினால் ஹௌல்கா. கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் ஃப்லுக்ஹௌல்கா. 'ஃப்லுக்' என்றால் பறப்பது. காலை வைத்தால் பறப்பாய் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். செருப்புக்கடையில் ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ள முள் வைத்த பட்டை விற்கிறார்கள், மன்ப்ரோத்தர் என்று பெயர். முதல் வருடம் அதை வாங்காமல் கஞ்சத்தனம் பண்ணினேன்.

ஒருநாள் விடிகாலை வாசலிலேயே மல்லாக்க விழுந்தேன். இடுப்பு வலியோடு வேலைக்குப் போய், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று மேற்பார்வையாளரிடம் 'யெக் தாஹ்ட் ஈ தாத் ஈ மோர்குன்' என்றேன். காலையில் அதில் விழுந்தேன், அதாவது அந்தப் பனியில் விழுந்தேன், என்று என் கணக்கு. வரிசையில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். 'அதில் விழுவது' என்றால் இங்கே மூக்கு முட்டக் குடிப்பது. காலை ஆறு மணிக்கே ஏற்றிக்கொண்டு வந்தேன் என்று மேற்பார்வையாளரிடம் நானே வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன்.

இதே 'விழு'வில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஒன்று மனதில் பட்டால் 'ம்யேர் தாஹ்ட் ஈ ஹுக்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு மனதில் விழுந்தது'. கவனியுங்கள், நான் அல்ல, எனக்கு. குளிர்கிறது என்பதற்கும் 'ம்யேர் ஏர் கால்ட்', எனக்குக் குளிர். என்னோடு படித்த ஆங்கிலேயர் இந்த 'எனக்கு'வைப் புரிந்துகொள்ளவே மூன்று வாரம் ஆனது. நான் முதல் நாளே தலையாட்டினேன்.

வீக், சுற்றுலா வேலை

அக்குரேய்ரி தம்பி, உங்கள் இடுப்பு தேவலையா?

நான் 'ஓடு' பற்றிச் சொல்கிறேன். ஓடுவது ஹ்லொய்பா, ஓட்டம் ஹ்லொய்ப். எங்கள் ஊருக்குப் பின்னால் மிர்தல்ஸ்யோகுல் என்ற பெரிய பனிப்பாறை இருக்கிறது. அதற்கு அடியில் காட்லா எரிமலை. அது வெடித்தால் உருகும் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கடலுக்கு இறங்கும். அதற்கு யோகுல்ஹ்லொய்ப் என்று பெயர், பனிப்பாறையின் ஓட்டம். உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். காட்லா கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-இல். 1996 நவம்பரில் கிழக்கே வத்னயோகுல் என்ற இன்னொரு பனிப்பாறைக்கு அடியிலிருந்து இப்படி ஒரு ஓட்டம் வந்து நெடுஞ்சாலைப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. முறுக்கிய இரும்பு உத்தரங்களை ஸ்காஃப்தஃபெட்ல் பக்கம் சாலையோரத்திலேயே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் சொல்லிக் கொடுத்து என்னை நன்றாகப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். 'ஹ்லொய்ப்' என்று கேட்டால் மேட்டைப் பார்த்து ஓடு, அவ்வளவுதான். அந்த வாரமே கடையில் ஒரு சின்னப் பையன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து 'ஹ்லொய்ப்! ஹ்லொய்ப்!' என்று கத்தினான். என் வயிறு கலங்கிவிட்டது. பார்த்தால் மிட்டாய் அலமாரி. ஜெல்லி மிட்டாய்க்கும் அதே பெயர்! ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன், வேறென்ன செய்ய.

கேஃப்லவிக், ஓட்டுநர்

தாளில் 'டர்ன்' என்பதற்கு என்ன போட்டிருந்தது? எனக்கு 'பேய்யா'. ஆமாம், கேட்டால் நம் ஊர்ப் பேய்தான். பகலில் ஓட்டுநர் பயிற்சியில் 'இங்கே பேய்யா, அங்கே பேய்யா', அதாவது வண்டியைத் திருப்பு. சாயங்காலம் மொழி வகுப்பில் 'இந்தச் சொல்லைப் பேய்யா', அதாவது வேற்றுமை உருபு போட்டுச் சொல்லை வளை. இரண்டிலுமே நான் தப்பான பக்கம்தான் திரும்பினேன். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டிய கை. பயிற்சி கொடுத்தவர் பெரியவர், 'எங்களுக்கும் அப்படித்தான்' என்று ஆறுதல் சொன்னார். 1968 மே 26 வரை ஐஸ்லாந்திலும் இடது பக்கம்தானாம். ஒரே நாளில் நாடு முழுக்க மாற்றிவிட்டார்கள்.

வளைப்பது ஏன் முக்கியம் என்பதை ஒரு நாய் கற்றுக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து தன் நாய் ஓடுகிறது என்றார். 'ஈ கார்த்தினும்' என்று அவர் சொன்னதை நான் 'ஈ கார்த்தின்' என்று கேட்டுக்கொண்டேன். முதலாவது, தோட்டத்தில் ஓடுகிறது. இரண்டாவது, தோட்டத்துக்குள் ஓடுகிறது. என் தோட்டத்துக்குள் வந்துவிட்டதோ என்று விளக்குமாற்றோடு போய் நின்றேன். நாய் அதன் தோட்டத்தில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தாளின் ஆங்கிலப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே 'இன்' போட்டிருந்தால் நான் என்ன செய்வேன்.

ஹஃப்நர்ஃப்யோர்துர், ஒரு அம்மா

இங்கே பள்ளியில் நீச்சல் கட்டாயப் பாடம், எல்லாப் பிள்ளைகளும் கற்றாக வேண்டும். என் மகள் தினமும் ஒரு சொல் கொண்டு வருவாள். மார்பை முன்னால் தள்ளி நீந்துவது பிரிங்குஸுண்ட், மார்பு நீச்சல். ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சி என்பதை இவர்கள் ஃப்லுக்ஸுண்ட், பறக்கும் நீச்சல் என்கிறார்கள். ஸ்க்ரித்ஸுண்ட் என்றால் தவழும் நீச்சல். மலையிலிருந்து இறங்கும் பனிப்பாறையின் நாக்கும் தவழ்வதுதான், ஸ்க்ரித்யோகுல். ஒருநாள் 'தவழும் டிராகன்' வரைந்து தா என்றாள். பச்சை நிறத்தில் நெருப்புக் கக்கும் ஒன்றை வெகு நேரம் உட்கார்ந்து வரைந்தேன். அவள் கேட்டது பீரங்கி வண்டி. ராணுவமே இல்லாத நாட்டுக்கு இதற்கு இவ்வளவு அழகான பெயர் எதற்கு!

செல்ஃபோஸ்

குதிரைப் பண்ணையில் இருக்கிறேன். சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. தாளில் 'ரைட்' என்பதற்கு 'ரீதா' என்று இருக்கும். குதிரைக்காரர்கள் மத்தியில் அது சாதாரணச் சொல். காபி கடையில் புதிதாக அறிமுகமான பெண்ணிடம் 'எனக்கு ரீதா ரொம்பப் பிடிக்கும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள், குடும்பத்தோடு படிக்கிறார்கள். 'குதிரை முதுகில் போவது' என்று சுற்றி வளைத்துச் சொன்னால் மானம் தப்பும்.

அக்குரேய்ரி, மீன் ஆலை

செல்ஃபோஸ் அண்ணா, என் கதை எவ்வளவோ பரவாயில்லை போலிருக்கிறது. இடுப்பு தேவலை அக்கா.

இன்னொன்று. கீழ்வீட்டு அம்மாவிடம் மகன் எங்கே என்றேன். 'ஊத்தி' என்றார், வெளியே. ஜன்னலைத் திறந்து தேடினேன். பையன் கோபன்ஹேகனில் படிக்கிறான். தீவைத் தாண்டினாலே வெளியேதான். வெளிநாட்டுக்கு இவர்கள் சொல் ஊத்லோண்ட். 'ஊத்' வெளி, 'லோண்ட்' நாடுகள். நம் சொல்லேதான்.

ரெய்க்யவிக், இரண்டாம் வருடம்

திரும்பவும் நான்தான். எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன், பல்செட் கழன்று விழும் அளவுக்குச் சிரித்தார். செல்ஃபோஸ் கதையை மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே எல்லாரும் 'ப்லெஸ் ப்லெஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தாளிலிருந்து ஃபாராவையும் கோமாவையும் எடுத்து, போயிட்டு வர்றேன் என்பதை அப்படியே 'யெக் ஃபெர் ஓக் க்யெம்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் பாட்டி வீட்டு வாசல் விளக்கு எரிகிறது. கதவைத் தட்டினேன். மேசையில் இரண்டு கோப்பை, ஆறிப்போன காபி. 'வருகிறேன் என்றாயே' என்றார்.