மேக்ரோவும் வகைச் சரிபார்ப்பும்: எங்கே தவறினோம், எப்படித் திருத்தினோம்

முதல் பகிர்வு

சில ஆண்டுகளுக்கு முன் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு பில்லிங் நிரலைப் பராமரித்து வந்தேன். தரவுத்தளத்தில் எழுதுவது தோற்றால் மூன்று முறை வரை முயல வேண்டும் என்பதற்காக, டூடைம்ஸ் என்ற, சொன்ன முறை திரும்பச் செய்யும் சுழற்சியை உள்ளடக்கிய ஒரு மேக்ரோவை (பயன்படுத்தும் இடத்தில் வேறு நிரல்வரிகளாக விரியும் குறுக்குவழி) எழுதி, சுழற்சி மாறிக்கு 'ஐ' என்று பெயரிட்டேன். உடன் பணியாற்றியவர் பில்களின் வரிசை எண்ணுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார். மேக்ரோ விரிந்தபோது அவருடைய 'ஐ'யை என்னுடைய 'ஐ' மறைத்துவிட்டது. முதல் முயற்சியே பெரும்பாலும் வெற்றி பெற்றதால் அதன் மதிப்பு 0 ஆகவே இருந்தது. பில்கள் எல்லாம் முதல் வாடிக்கையாளரின் கணக்கில் போய்ச் சேர்ந்தன.

எண், எழுத்து என்று மதிப்புகளின் வகை பொருந்துகிறதா என முன்கூட்டியே பார்க்கும் வகைச் சரிபார்ப்பு உள்ள மொழியாக இருந்தால் இது நேர்ந்திருக்காது என்று அன்று பலர் சொன்னார்கள். நான் அதை இன்றும் ஏற்கவில்லை. இரண்டுமே முழு எண்கள். நிரலை மொழிபெயர்த்துத் தரும் எந்தக் கம்பைலரும் அங்கே வகைப் பிழை கண்டிருக்காது. புதுப் பெயர்களை ஆக்கித் தரும் ஜென்சிம் என்ற லிஸ்ப் வசதியைக் கொண்டு வேறெவரும் எழுத முடியாத ஒரு பெயரை உருவாக்கியதும்தான் சிக்கல் தீர்ந்தது. இந்தப் பெயர்க்காப்பைக் கம்பைலரின் பொறுப்பாகவே ஆக்கும் வழியை ஸ்கீம் மொழி ஆய்வாளர்கள் 1986இலேயே எழுதிவிட்டார்கள்.

இரண்டாம் பகிர்வு

நண்பர் சொல்வது சரி. ஆனால் எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது. ரஸ்ட் மொழியில், ஆப்ஷன் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்னும்) வகையிலுள்ள புலங்களைக் காலியாக விடலாம், மற்றவை கட்டாயம் என்று படிவங்களைச் சரிபார்க்கும் ஒரு டெரைவ் மேக்ரோவை (தரவு வரையறையைப் படித்து அதற்கான நிரலைத் தானே எழுதுவது) எழுதினேன். ஒருவர் ஆப்ஷனுக்கு வேறொரு மாற்றுப் பெயர் சூட்டிப் பயன்படுத்தியதும், காலியாக விடக்கூடிய புலங்களையும் என் மேக்ரோ கட்டாயமாக்கிவிட்டது. ரஸ்ட்டில் மேக்ரோக்கள் விரிந்த பிறகே வகைகள் சரிபார்க்கப்படுகின்றன. ஆகவே மேக்ரோவின் கைக்கு வருபவை வெறும் சொற்களே. அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த வகை இருக்கிறது என்பதை அது அறிய வழியில்லை.

இரண்டு நாட்கள் அந்தப் பெயர்களையெல்லாம் மேக்ரோவுக்குள் பட்டியலிட முயன்று களைத்தேன். பிறகு, தீர்ப்புச் சொல்லும் வேலையை மேக்ரோவிடமிருந்து எடுத்துவிட்டேன். "நீ கட்டாயமா?" என்று கேட்கும் ஒரு டிரெய்ட்டை (ஒவ்வொரு வகையும் தன் விடையைத் தருவதற்கான பொது வரையறை) உருவாக்கி, ஆப்ஷனுக்கும் மற்ற வகைகளுக்கும் தனித்தனியே விடை எழுதி வைத்தேன். இப்போது மேக்ரோ ஒவ்வொரு புலத்துக்கும் அந்தக் கேள்வியை மட்டுமே எழுதிவைக்கிறது. மாற்றுப் பெயரை அவிழ்த்து உண்மையான வகையைக் கண்டறிந்து விடையைத் தேர்ந்தெடுப்பது கம்பைலர்.

முதலாமவரின் மறுமொழி

உங்கள் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஹாஸ்கல் மொழியில் மேக்ரோ போலப் பயன்படும், 2002இல் அறிமுகமான டெம்ப்ளேட் ஹாஸ்கலில் ரீஃபை என்றொரு வசதி உண்டு. நிரலை உருவாக்கும்போதே ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்று கம்பைலரிடம் கேட்கலாம். ஆனால் அதற்கு விலையும் உண்டு: கோப்பின் மேல்மட்டத்தில் வரும் இத்தகைய விரிவாக்கங்கள் அந்தக் கோப்பைக் குழுக்களாகப் பிரித்துவிடுவதால், கீழே வரையறுத்த பெயரை மேலே பயன்படுத்த முடியாமல் போகும். நீங்கள் எழுதிய முறையில் அந்தத் தொல்லை இல்லை.