மதுரையில் பிடித்த எஞ்சின் தேவிபட்டினத்தில் ஏன் பிடிக்கவில்லை?

தெப்பக்குளத்தைத் தாண்டி ராமேசுவரம் ரோட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். புல்வெட்டி, மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், ஜெனரேட்டர், எப்போதாவது ஒரு பழைய மண்ணெண்ணெய் பம்புசெட், இவ்வளவுதான் வேலை. கடலுக்கும் எனக்கும் ஒரே சம்பந்தம், என் மனைவி தேவிபட்டினத்துக்காரி.

போன ஏப்ரலில் மச்சினன் போன் செய்தான். "மச்சான், விடியக்காலம் முப்பது தடவை கயிறு இழுத்தாத்தான் எஞ்சின் பிடிக்குது. தோள்பட்டை கழண்டுரும்போல." அவனிடம் இருப்பது பழைய ஃபைபர் படகு. பின்னால் மாட்டுகிற 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அதனால் அவர்கள் நாலு காசு பார்ப்பதே அப்போதுதான். அந்த நேரத்தில் கரையில் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? உள்ளூரிலேயே இரண்டு முறை பிளக் மாற்றி, கார்புரேட்டரும் கழுவிப் பார்த்தாகிவிட்டது. ஒருமுறை பிடித்துவிட்டால் கரை திரும்புகிற வரை ஓடுகிறது, முழு வேகத்தில் போகும்போது மட்டும் லேசாக இருமுகிறது என்றான். அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

மீன் ஏற்றி வந்த மினி வேனில் எஞ்சின் வந்து இறங்கியது. நாற்பது கிலோவுக்குள்தான் இருக்கும், ஆனால் வாடை நானூறு கிலோ. மரச்சட்டத்தில் மாட்டி, காற்றாடிப் பக்கத்தை 200 லிட்டர் நீல டிரம் தண்ணீருக்குள் இறக்கினேன். தண்ணீர் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. உள்ளே தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கிற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "அண்ணே, பேசாம தெப்பத்துல கட்டிவிடுங்க, தைப்பூசத்துக்கு வடம் பிடிக்கிற ஆளுக மிச்சம்" என்றார் டீக்கடைக்காரர்.

எஞ்சினை அணைக்கிற கில் ஸ்விட்ச்சின் கிளிப்பை முதலில் பார்த்தேன். அந்தச் சிவப்புக் கயிறு சரியாக மாட்டாவிட்டால் ஆயிரம் தடவை இழுத்தாலும் பொறி வராது. கிளிப் சரி. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்து இழுத்தால் நீலப் பொறி, இரண்டிலும். பிளக் எண்ணின் கடைசியில் 10 என்று இருந்ததால் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்று அளந்தேன், அதுவும் சரி. கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்குகிற அழுத்தம், இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் நின்றது. என் டேங்கில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றி, என் ஹோஸை மாட்டி, ஆறிய எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை இழுத்துவிட்டு கயிறைச் சுண்டினேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் தண்ணீர் ஊசிபோல் பீய்ச்சுகிறது. கூட்டம் கை தட்டாத குறை.

சும்மா அனுப்பக் கூடாது என்று கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தேன், ஃபியூவல் பம்பின் சவ்வைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "உங்க ஊர் மெக்கானிக்குக்குக் கழுவத் தெரியல மாப்ளே" என்று பெரிய மனுஷன்போலச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் போன். "மச்சான், அதே கதை."

ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். அந்த ரோடு பரமக்குடி தாண்டும் வரை ஏறக்குறைய வைகையை ஒட்டியேதான் போகும், ஆற்றில் மணலும் கருவேலமும்தான். ஊர் போய்ச் சேர்கிற வரை மண்டைக்குள் ஒரே கேள்வி: என் டிரம்மில் பிடித்தது, அவன் படகில் ஏன் பிடிக்கவில்லை? உப்புக்காற்றா? ஈரமா? உண்மையில் பதில் பட்டறையிலேயே கிடந்தது. மதுரைக்கு எஞ்சின் மட்டும்தான் வந்தது. டேங்கும் ஹோஸும் படகிலேயே இருந்தன.

மறுநாள் விடியலுக்கு முன் படகில் நின்றோம். ஹோஸின் நடுவில் கையால் பிசைகிற ரப்பர் பல்ப் ஒன்று இருக்கும். அதன் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். பிசையப் பிசைய கார்புரேட்டர் நிறைந்து, பல்ப் கல்லுபோல ஆக வேண்டும். இவன் பிசைகிறான், பிசைகிறான், பஞ்சுபோலவே இருக்கிறது. "எப்பவுமே இப்படித்தானா?" "அது பழசு மச்சான், அப்படித்தான் இருக்கும்." பதினைந்து இழுப்புக்குப் பிறகு பிளக்கைக் கழற்றினால் எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது. பெட்ரோலே மேலே வரவில்லை. உறுதிசெய்துகொள்ள, பிளக் ஓட்டை வழியாக அரை ஸ்பூன் கலவையை ஊற்றி, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கை மாட்டி இழுத்தேன். நாலு நொடி உறுமிவிட்டு அணைந்தது. எஞ்சின்மேல் குற்றமில்லை.

டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. அது மூடியிருந்தால் ஓட ஓட டேங்க் உள்வாங்கி பல்ப் சப்பிப்போகும், இது வேறு நோய். ஹோஸை விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, பல்ப்பின் டேங்க் பக்கக் கழுத்தில் கிளிப்புக்குப் பதிலாக வலை பின்னுகிற நைலான் நரம்பைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். அழகான முடிச்சு, வலைக்காரன் முடிச்சு. ஹோஸைக் கழற்றி பெட்ரோலைச் சுத்தமாக வடித்துக் கழுவி, ஒரு முனையை அடைத்துவிட்டு மறு முனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினேன், டியூப் பஞ்சர் பார்க்கிற மாதிரியேதான். முடிச்சுக்கு அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி.

வெளியே பெட்ரோல் ஒழுகினால் மூக்கே சொல்லிவிடும். இது உறிஞ்சுகிற பக்கம், காற்றுதான் உள்ளே போகும், ஒரு சொட்டு வெளியே வராது. ராத்திரி முழுக்க அந்த வழியாகக் காற்றுப் புகுந்து ஹோஸில் இருந்த பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. விடிந்ததும் எஞ்சின் வெறும் காற்றைக் குடிக்கிறது. முப்பது தடவை இழுத்து ஒருவழியாக மேலே வந்துவிட்டால் ஓடுகிற பம்பின் இழுவைக்குத் தாக்குப்பிடிக்கும். முழு வேகத்தில் பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போது மட்டும் குமிழி கலந்து இருமும். அவன்தான் முதல் நாளே சொன்னானே!

ராமநாதபுரத்தில் புது ஹோஸும் பல்ப்பும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டி, பல்ப்பின் எஞ்சின் பக்க முனையை மேலே தூக்கிப் பிடித்துப் பிசைந்தால் எட்டாவது அமுக்கில் கல். முதல் இழுப்பு ஏமாற்றியது, இரண்டாவதில் பிடித்தது. பழைய ஹோஸை வெட்டிப் பார்த்தேன், உள்பக்கம் கொழகொழவென்று இருந்தது. இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதைத் தாங்குகிற மாதிரி செய்யாத பழைய ரப்பரை இப்படித்தான் ஆக்கும். உங்களுக்கு இதுபோல நடந்திருந்தால் எழுதுங்கள்.

தொண்டிப் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்:

அண்ணன் சொன்னது காய்ந்த பிளக் கதை. எனக்கு நடந்தது நனைந்த பிளக் கதை. சூடான எஞ்சினைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வலையைப் படகுக்குள் இழுத்தோம். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பழக்க தோஷத்தில் சோக்கை இழுத்துவிட்டேன். இழுக்க இழுக்க பெட்ரோல் நிறைந்து இரண்டு பிளக்கும் குளித்துவிட்டன. காற்று எங்களைப் பாறைப் பக்கம் தள்ளுகிறது. படகை நடத்துகிற தண்டையல் ஒரு வார்த்தை பேசாமல் பிளக்கைக் கழற்றி, பனியனில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கிளிப்பைக் கழற்றி, கயிறைப் பத்து தடவை வெறுமனே இழுத்து உள்ளே இருந்ததை ஊதித் தள்ளினார். பிளக்கை மாட்டி, கிளிப்பைப் போட்டு, சோக் இல்லாமல் இழுத்தார். பிடித்தது. கரை வந்ததும்தான் பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

வாடிப்பட்டி விவசாயி:

எனக்குக் கடலும் தெரியாது, படகும் தெரியாது. ஆனால் அப்பா காலத்து மண்ணெண்ணெய் பம்புசெட் ஒன்று இருந்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். என் தம்பி வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்ததும் அப்படியே அணைத்துவிட்டு வந்துவிடுவான். மறுநாள் காலை சுற்றுக் கயிறைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. கார்புரேட்டரில் நிற்பது மண்ணெண்ணெய், ஆறிப்போன எஞ்சினில் அது ஆவியாகாது. அணைப்பதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும் என்று அப்பா கத்திக்கொண்டே இருப்பார். மானிய மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சினுக்கும் இதே விதிதான் என்று மண்டபத்தில் சம்பந்தி வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்:

படகு கவிழ்ந்து எஞ்சின் கடலில் முங்கிவிட்டால்? எங்கள் பெரியப்பா காயட்டும் என்று இரண்டு நாள் வெயிலில் வைத்தார். உள்ளே பேரிங் துருப்பிடித்து, கயிறே இழுபடவில்லை.

பட்டறைக்காரர், மறுபடியும்:

காய வைத்ததுதான் தப்பு. கரைக்கு வந்த உடனே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும். பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சாய்த்து, மெதுவாக இழுத்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஆயில் ஊற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே முங்கியிருந்தால் பலமாக இழுக்காதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். அன்றைக்கே பிரிக்க முடியாவிட்டால் நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே முக்கி வையுங்கள். காற்றுப் பட்டால்தான் துரு வேகமாக ஏறும்.

தொண்டிக்காரர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் தண்டையல் கிளிப்பைக் கழற்றிவிட்டு இழுத்தாரே, அதுதான் அனுபவம். பெட்ரோல் பீய்ச்சுகிற இடத்தில் பொறியும் வந்தால் படகே எரியும்.

முந்தாநாள் திருப்புவனத்திலிருந்து ஒருவர் பவர் ஸ்பிரேயர் கொண்டுவந்தார், காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையாம். எங்கே பெட்ரோல் கேன் என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார். போய் எடுத்து வாருங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டுச் சாயங்காலம்தான் வந்தார். கேனிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.