மழையில் நின்ற செஸ்னா: எரிபொருள் மாதிரியில் நிறமே இல்லை, ஏன்?

பயிற்சி_விமானி:
வணக்கம். செஸ்னா 172எஸ்-இல் பயிற்சி எடுக்கிறேன். போன வாரம் முழுக்க மழை, விமானம் திறந்தவெளியில்தான் நின்றது. இன்று காலை இடது இறக்கை ட்ரெயினில் (டேங்கின் அடியில் எரிபொருளை வடித்துப் பார்க்கும் வால்வு) முதல் கப் பிடித்தேன். தெளிவாக இருந்தது, தூசி துரும்பு இல்லை. பயிற்சியாளர் அதைப் பார்த்ததும் இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பிடித்தபோது கப்பின் நடுவே ஒரு கோடு. உடனே இன்றைய பறப்பை ரத்து செய்துவிட்டார். முதல் கப்பில் அவர் என்ன கண்டுபிடித்தார்?

ஹேங்கர்_பெரியவர்:
தம்பி, உங்கள் பயிற்சியாளருக்கு முதலில் ஒரு நன்றி சொல்லுங்கள். அந்த முதல் கப் முழுவதும் தண்ணீர்.

100எல்எல் என்ற விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். கப்பில் பாதி தண்ணீர் இருந்தால் நீலத்துக்கு அடியில் கோடு தெரியும். முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடு விழ இடமே இல்லை, சுத்தமாகத்தான் தெரியும். அதனால் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். கப்பை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் வெளிர்நீலமும் தெரியும். மோந்தும் பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அது ஜெட் எரிபொருள், விமானத்தின் பக்கமே போகக்கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைத் தாளில் விடுங்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்க் கறை விடும்.

இந்தப் பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.72 கிலோதான். தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். ஆனால் எல்லாம் ட்ரெயினுக்கு வந்து சேராது, மூலையில் தங்கிவிடும். அதை நகர்த்தத்தான் இறக்கையை ஆட்டுவதும், வாலைக் கீழே அழுத்துவதும். டேக்-ஆஃபில் மூக்கு மேலே போகும்போது அந்த மூலைத் தண்ணீர் இடம் மாறி எஞ்சினுக்குப் போகும். அந்த நேரத்தில் எஞ்சின் நின்றால் இறங்க இடம் இருக்காது.

172எஸ்-இல் மொத்தம் 13 ட்ரெயின். இறக்கைக்கு ஐந்து வீதம் பத்து, உடம்புக்கு அடியில் மூன்று. குனிய வேண்டியிருக்கிறதே என்று அந்த மூன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்பக் கோபம் வரும். பிடித்ததைத் தரையில் ஊற்றாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது.

தண்ணீர் வந்த வழி? முதலில் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். மழைநீர் மூடியைச் சுற்றித் தேங்கி அதன் வழியாக இறங்கும். விலை குறைவான பொருள்தான், மாற்றச் சொல்லி லாக்-புக்கில் எழுதுங்கள். பல தடவை பிடித்தும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் டேங்கைக் காலி செய்து சுத்தம் பண்ண வேண்டும், அது ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) வேலை.

பயிற்சி_விமானி:
ரொம்ப நன்றி ஐயா. இடது மூடியின் ரப்பரில் வெடிப்பு இருந்தது, சொல்லிவிட்டேன். இன்னொன்று: மழைக்காலத்தில் பறக்க முடியாவிட்டால் தினமும் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி வைக்கலாம் என்கிறார்கள். நல்லதா?

ஆயில்_ஃபில்டர்:
வேண்டாம். உங்கள் விமானத்தில் இருக்கும் லைகாமிங் நிறுவன எஞ்சினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேலே இருக்கிறது. சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து அது துருப்பிடிக்கும் என்பது நிஜம். ஆனால் தரையில் கொஞ்சம் ஓட்டினால் எரிந்ததில் உண்டான ஈரம் எண்ணெய்க்குள் போகும், எண்ணெய் போதுமான சூடாகாததால் அது வெளியேறாது. தரையில் ஓட்டுவது பறப்புக்கு மாற்று இல்லை என்று லைகாமிங்கே சொல்கிறது. அரை மணி நேரமாவது பறந்து எண்ணெய் நன்றாகச் சூடாக வேண்டும்.

பறக்காமல் நின்றாலும் எண்ணெய்க்குக் கெடு உண்டு. முழு ஓட்ட ஃபில்டர் (எண்ணெய் முழுவதையும் வடிகட்டுவது) இருந்தால் 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முந்தியோ அப்போது மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டும். கேம்ஷாஃப்ட் தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

ஹேங்கர்_பெரியவர்:
ஆமாம். பல வாரம் நிற்கப் போகிறது என்றால் அதற்கான பாதுகாப்பு எண்ணெயை ஊற்றி, எக்ஸாஸ்ட் வாயையும் காற்று வாயையும் அடைத்து வையுங்கள். அடைப்பில் நீளமான சிவப்பு நாடா கட்டுங்கள், கழற்ற மறக்கக்கூடாது.