புதுப்பிப்பு: மினி மெட்ரோவைப் பற்றி நான் சொன்னது தவறு

போன மாதம் ஒரு மணி நேரம் மட்டும் ஆடிவிட்டு, மெட்ரோ ரயில் நிலையங்களைத் தடங்களால் இணைத்துப் பயணிகளைக் கொண்டுசேர்க்கும் மினி மெட்ரோ வெறும் கோடு போடுகிற கேம் என்று எழுதியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் பஸ்ஸில் போகும்போது ஆடிப் பார்த்ததில்தான் புரிந்தது: வட்டம், முக்கோணம், சதுரம் என்று நிலையங்கள் முளைக்க முளைக்க, ஒவ்வொரு பயணியும் தனக்கான வடிவ நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதால், ஒரே வடிவத்தை அடுத்தடுத்துக் கோர்த்தால் பயணிகள் தேங்கிவிடுவார்கள், வடிவத்தை மாற்றி மாற்றிக் கோர்க்க வேண்டும். ஆறு ஓடுகிற ஊர் என்றால், தடம் ஆற்றைக் கடக்கத் தேவைப்படும் சுரங்கத்தைச் சேமித்து வையுங்கள். தக்கலை வந்ததே தெரியவில்லை எனக்கு.

எதிரிகளோடு முறை மாற்றி நகர்த்தி ஆடும் இன்டூ தி பிரீச் கேம் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை: பலகை 8-க்கு 8 கட்டம்தான், ஆனால் எதிரி எங்கே அடிக்கும் என்று முன்பே காட்டிவிடுவதால் ஒவ்வொரு நகர்த்தலும் கணக்குதான். எதிரியைக் கொல்வதைவிட, ஒரு கட்டம் தள்ளிவிட்டு இன்னொரு எதிரியை அடிக்க வைப்பது அவ்வளவு பிடித்திருக்கிறது. அப்புறம், இரண்டில் எதை முதலில் ஆடுவது என்று கேட்டவர்களுக்கு: முதலில் மினி மெட்ரோ.